நீராவது கேளும்

காது கேட்காத ஒருவன் மைக்செட் வைத்துப் பிழைத்த கதையை நானே சொல்லிவிடுவது நல்லது. அடுத்தவர்கள் சொல்லிக்கொண்டுதான் திரிகிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வது எனக்குக் கேட்பதில்லை.

கோவில்பட்டியில் ரொம்ப வருஷமாக மைக்செட் போடுகிறேன். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் கொடை, சர்ச் அசன விருந்து, எல்லாவற்றுக்கும் என் குழாய் ஸ்பீக்கர்தான் கத்தும். குழாய் கட்டக் கூடாது என்று போலீஸ் ஸ்டேஷனில் சொல்வார்கள். குழாய் கட்டாவிட்டால் அது என்னய்யா திருவிழா என்று ஊரில் சொல்வார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் பனைமரத்தில் ஏறி நின்று கயிறு கட்டியவன் நான். ஒரு பக்கம் குழாய், மறுபக்கம் ஜெனரேட்டர், நடுவில் என் தலை. காதுதான் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

முதலில் போனது கீச்சுச் சத்தங்கள். குருவி போயிற்று. குக்கர் விசில் போயிற்று. அப்புறம் பெண்கள் குரல் போயிற்று. ஆண்கள் குரல், அதிலும் கட்டைக்குரல், கிட்டே நின்று பேசினால் ஓரளவு விழும். எங்களுக்கு ஒரே மகன். அவன் கப்பலில் வேலை பார்க்கிறான். வீட்டில் இருப்பது நானும் என் மனைவியும் மட்டும். ஆகக் கூட்டிக் கழித்தால், என் வீட்டில் எனக்குக் கேட்காமல் போனது அவள் ஒருத்தியின் குரல்தான். இதில் ஒரு வசதி, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெண்டாட்டி சொல்வதைக் கேட்காத புருஷனை எந்த ஊரில் காது டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள்?

ஏன் மறைத்தாய் என்று கேட்பீர்கள். கண் தெரியாதவன் ஓட்டுகிற மினி பஸ்ஸில் ஏறுவீர்களா? காது கேட்காதவன் கட்டுகிற குழாயை எந்த ஊர்க்காரன் வாடகைக்கு எடுப்பான்? வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடும். எனக்கு வேறு தொழில் தெரியாது. அதனால் உதவிக்கு ஆள்கூட வைத்துக்கொள்ளவில்லை. ஆம்ப்ளிஃபயரில் ஏறி இறங்குகிற சிவப்பு விளக்கைப் பார்த்துச் சத்தத்தை அளந்தேன். பாக்ஸ் மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்த்தேன். கூட்டத்தின் முகத்தைப் பார்த்தேன். காதைப் பொத்தினால் குறைப்பேன். கழுத்தை நீட்டினால் கூட்டுவேன். யாரும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

பேச்சுக்கு மூன்று வார்த்தை வைத்திருந்தேன். "அதான!" "பாப்போம்." "இருக்கட்டும்." இந்த மூன்றை மாற்றி மாற்றிப் போட்டால் கோவில்பட்டியில் ஒரு மனுஷன் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வாழலாம். எதிராளி வருத்தமாக இருந்தால் "இருக்கட்டும்". கோபமாக இருந்தால் "அதான!" ஏதாவது கேட்கிற முகமாக இருந்தால் "பாப்போம்". ஒரே ஒரு வார்த்தையை மட்டும் நான் சொல்லவே மாட்டேன். "என்ன?" என்று திருப்பிக் கேட்க மாட்டேன். அது ஒன்று வாயில் வந்தால் குட்டு உடைந்துவிடும்.

ஆனாலும் சறுக்கியது. ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு வீட்டிலிருந்து போன். "பெரியவருக்கு விசேஷம் அண்ணாச்சி" என்றார்கள். பதினாறாம் நாள் காரியத்தையும் எங்கள் பக்கத்தில் விசேஷம் என்றுதான் சொல்வோம். என் காதில் "பெரியவளுக்கு விசேஷம்" என்று விழுந்தது. மூத்த பெண் வயதுக்கு வந்துவிட்டாள் போலிருக்கிறது என்று, விடிந்ததும் விடியாததுமாக அந்த வீட்டு முன்னால் நாலு குழாயைக் கட்டி, பூத்ததடி பூவென்று ஒரு பாட்டைப் போட்டுவிட்டேன். உள்ளே மாலை போட்ட போட்டோ முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். செத்துப்போனவரின் தம்பி என்னை அடிக்க வந்தார். "அவருக்குப் பிடிச்ச பாட்டுன்னு சொன்னாங்களே" என்று அளந்துவிட்டேன். அப்புறம் அந்த வீட்டில் மூன்று பேர், ஆமாம், அண்ணனுக்கு இது ரொம்பப் பிடிக்கும் என்று சாட்சி சொல்லி இன்னொரு தடவை போடச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து போனை என் மனைவி எடுக்க ஆரம்பித்தாள். யார் கூப்பிட்டாலும் அவளே பேசி, ஊர், தேதி, என்ன விசேஷம் என்பதைக் காலண்டரில் கொட்டை எழுத்தில் எழுதிவைப்பாள். ஏன் எடுக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. சுகமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

அவள் ஆர்.சி. நான் புராட்டஸ்டண்டு. கல்யாணத்தின்போது இரண்டு வீட்டிலும் இதற்காகக் குதித்தார்கள்; அதெல்லாம் பழைய கதை. டி.வி. அலமாரிக்கு மேலே அவள் ஒரு சாண் உயரத்தில் கோடி அற்புதர் என்கிற புனிதரின் சுரூபம் வைத்திருந்தாள். மொட்டை வட்டமும் பழுப்பு அங்கியும், கையில் குழந்தையும், கூடவே லீலி மலரும். தினமும் சாயங்காலம் அவர் முன்னால் போய் நிற்பாள். ஜெபப்புத்தகம் எல்லாம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது மாதிரி, கையை ஆட்டி ஆட்டி, கால் மணி நேரம். என்னிடம் அவ்வளவு நேரம் அவள் பேசி எத்தனையோ நாளாயிற்று. எனக்குப் பொறாமை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு சாண் சுரூபத்தின் மேல் எனக்குப் பொறாமை.

"செத்துப்போனவருக்குக் காது ஏதுட்டி?" என்பேன். "ஆண்டவருக்கும் நமக்கும் நடுவுல ஆளு எதுக்கு? நேரடியாப் பேச வேண்டியதுதான? இங்க பாரு, எங்கிட்ட இருக்க நாலு குழாயையும் கட்டி, மேகாத்தும் அடிச்சா, சத்தம் மிஞ்சிப்போனா நாகலாபுரம் வரைக்கும் போவும். அதுக்கு மேல ஆம்ப்ளிஃபயர் தாங்காது. நீ வாய்க்குள்ள முணுமுணுக்கது பரலோகத்துக்குக் கேட்டுருமாக்கும்?"

அவள் திரும்பி ஏதோ சொன்னாள். "அதான!" என்றேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு சாப்பிடப் போனேன். அவள் சொன்னது என்ன என்பதை அப்புறம் எத்தனையோ நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். "உசுரோட பக்கத்துல இருக்கவியளுக்கு மட்டும் கேக்குதாக்கும்?"

போன வைகாசியில் ஒருநாள் கடைக்குக் கிளம்பும்போது ஏதோ வாங்கிவரச் சொன்னாள். உதட்டைப் பார்த்தேன், கடைசியில் "ந்து" என்று முடிந்தது. உளுந்து. இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனேன். பையைப் பிரித்துப் பார்த்தாள். அப்புறம் உளுந்தை ஊறப்போட்டு வடை சுட்டாள். நல்ல வடை. ஏழு தின்றேன்.

அதற்கு நாலைந்து நாள் கழித்து, மைக் வயர் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். கையில் ஒரு ஃபைலோடு எதிரே வந்து நின்றாள். நீளமாகப் பேசினாள். "தூத்துக்குடி" என்பது உதட்டில் தெரிந்தது. "செவ்வாக்கெழம" தெரிந்தது. அவள் சித்தி மகள் வீடு தூத்துக்குடியில். அங்கே ஒரு கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சரி, பத்திரிகையைத்தான் ஃபைலில் வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

"போயிட்டு வா. எனக்கு அன்னைக்கு உங்க ஊருத் திருநாளுக்கு செட்டு இருக்குல்லா, நான் வர முடியாது. பக்கத்து வீட்டு அக்காவைத் தொணைக்குக் கூட்டிக்கோ."

அவள் நகரவில்லை. என் முகத்தையே பார்த்தாள். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று, "போறதுதான் போற, அந்த அரக்குப் பட்டுச்சேலையக் கட்டிட்டுப் போ. நல்லாருக்கும்" என்றும் சொல்லிவைத்தேன்.

அவள் கோடி அற்புதர் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கேட்டீரா என்று கேட்கிற மாதிரி. ஃபைலை அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னது கல்யாணமே இல்லை. அது எனக்குத் தெரியாமல் நான் பாட்டுக்குச் சீட்டி அடித்துக்கொண்டு வயரைப் பற்றவைத்தேன்.

அவள் பிறந்த ஊர் நாகலாபுரம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிற சின்ன ஊர். அங்கே கோயிலே கோடி அற்புதர் கோயில்தான். செவ்வாய்க்கிழமை திருநாள். சனிக்கிழமை காலையிலேயே செட்டை ஏற்றிக்கொண்டு போனேன். காணிக்கை போட வேண்டும் என்று அவளும் கூட வந்தாள். வெயிலில் காடெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மேற்கிலிருந்து மேகாத்து ஆளைத் தள்ளியது.

கோயில் காரியங்களைப் பார்ப்பது உபதேசியார். பங்குச் சாமியார் பெரிய ஊரிலிருந்து எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம், மணி, சண்டை தீர்ப்பது எல்லாம் இவர்தான். அவளுக்குச் சித்தப்பா முறை. என்னை மாப்ள என்பார். கரகரத்த கட்டைக்குரல், அவர் பேசினால் எனக்கு நன்றாகக் கேட்கும். அதனாலேயே அவரை எனக்குப் பிடிக்கும்.

"மாப்ள, இந்த வருசம் ஒரு மைக்கக் கோடி அற்புதர் காலடியிலயே வச்சிரு" என்றார். "மன்றாட்டுமாலை ஜெபம் சொல்லுதப்போ சத்தம் அவருக்குக் கிட்டக்க இருக்கணும்."

"உபதேசியாரே, மைக்கு சத்தத்தை வாங்குத சாமான். குடுக்குத சாமான் இல்ல. அவருக்குக் கேக்கணும்னா குழாயைல்லா அவரு பக்கம் திருப்பணும்?"

அவர் தாடையைச் சொறிந்தார். "அப்ப ஒரு குழாயையும் அவரு பக்கம் திருப்பிரு."

"அவரு வெளிநாட்டுக்காரரு. நீங்க சொல்லுத தமிழு அவருக்கு வெளங்குமா?"

"நம்ம ஊருக்கு அவரு வந்து எங்க தாத்தா காலத்துக்கு முந்தி. இன்னுமா படிக்காம இருப்பாரு? மாப்ள, ஒனக்கு வெவரம் பத்தாது. கேக்குததுன்னா என்ன? காதால கேக்குததும் கேக்குததுதான், ஒருத்தருகிட்டப் போயி நமக்காவ ஒண்ணக் கேக்குததும் கேக்குததுதான். ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான வச்சிருக்கோம்? நம்ம சொல்லுதத அவரு கேட்டு, அங்கன போயிக் கேக்குதாரு. அம்புட்டுதான்."

"அதான!" என்றேன். அந்த ஒரு தடவை நன்றாகக் கேட்டும் பதில் தெரியாமல் சொன்னேன்.

அவர் சொன்ன மாதிரியே சுரூபத்தின் காலடியில் மைக்கும், அதற்கு நேர் எதிரே வாசலில் ஒரு குழாயும் வைத்து, மெயினைப் போட்டேன். தொழில் தெரிந்த எவனும் செய்ய மாட்டான். மைக்குக்கு எதிரே குழாயைத் திருப்பினால் ஊளையிடும், அதுவும் கீச்சென்று. எனக்குக் கீச்சுச் சத்தம்தான் கேட்காதே! நான் விளக்கு எரிவதைப் பார்த்துத் திருப்தியாக உட்கார்ந்திருக்கிறேன். ஆடுகள் பட்டியைத் தாண்டிக் குதித்துக் காட்டுக்குள் ஓடுகின்றன. தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்துகிறார்கள். டீக்கடைக்காரர் கையைக் கையை ஆட்டுகிறார். அப்போதுதான் எனக்கு உறைத்து, அணைத்தேன்.

உபதேசியார் காதைத் தேய்த்துக்கொண்டே வந்தார். "போதும் மாப்ள. அவருக்குக் கேட்டிருக்கும்."

குழாயைக் கழற்றி, கோயிலுக்கு முதுகைக் காட்டி ஊர்ப் பக்கமாகக் கட்டினேன். நாலு குழாயும் இப்போது நாலு திசையைப் பார்த்து நின்றன. மைக்கை மட்டும் சுரூபத்தின் காலடியிலிருந்து எடுக்கவில்லை. ஆம்ப்ளிஃபயரைத் தூரத்தில் வேப்பமரத்தடியில் மேசை போட்டு வைத்து, மறுபடி மெயினைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். டேபிள் ஃபேன் மாதிரி காற்று அடித்தது. கண் செருகியது.

கண்ணைத் திறந்தபோது சிவப்பு விளக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மைக்கில் காற்று மோதுகிறது என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். டீக்கடைக்காரர் டீயை ஆற்றாமல் இரண்டு கையிலும் டம்ளரைப் பிடித்தபடி நிற்கிறார். குழாயடிப் பெண்கள் குடம் நிரம்பி வழிந்தும் மூடாமல் நிற்கிறார்கள். காட்டுக்குள் ஓடின ஆட்டைப் பத்திக்கொண்டு வந்தவர் நடுரோட்டில் நிற்கிறார். மினி பஸ் வந்தது. டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் நீட்டினார்கள். அத்தனை பேரும் முதலில் குழாயைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

என் செட்டை ரசிக்கிறார்கள் என்று நினைத்தேன். சும்மா சொல்லக் கூடாது, பெருமையாக இருந்தது. மினி பஸ்காரருக்குக் கையைக் காட்டினேன். கழுத்தை வேறு நீட்டுகிறார்களே, சத்தம் பத்தவில்லை போலிருக்கிறது என்று, நானே, இந்தக் கையாலேயே, இரண்டு திருகு கூட்டிவைத்தேன்.

ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டீக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். உபதேசியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து மெயினைப் பிடுங்கினார்.

"ஏன் உபதேசியாரே? நல்லாத்தான போவுது?"

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் தோளைப் பிடித்து இழுத்து, காதில் வாயை வைத்தார். "உள்ள ஒம் பொண்டாட்டி உப்பு மொளகு காணிக்கை போட்டுட்டு அவருகிட்டப் பேசிட்டிருக்கா, மாப்ள. மைக்கு ஆன்ல இருந்தது அவளுக்குத் தெரியாது, குழாய் எல்லாம் வெளிய பாத்துல்லா நிக்கி."

"என்ன பேசுனா?"

அவர் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். அப்புறம் டீக்கடைக்காரர், மினி பஸ் டிரைவர் என்று யாரிடம் கேட்டாலும் அதே வார்த்தைகள்தான். ஊரே மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது. நாகலாபுரம் வரைக்கும் போயிருக்கும், மேகாத்து அப்படி.

"கோடி அற்புதரே, வார செவ்வாக்கெழம தூத்துக்குடி ஆஸ்பத்திரில எனக்குக் கர்ப்பப்பையை எடுக்காவ. கட்டி பெருசாயிட்டாம். மயக்க ஊசி போட்டா எந்திரிப்பனோ மாட்டனோன்னு பயமாருக்கு. அவியகிட்ட சொன்னேன். பட்டுச்சேலை கட்டிட்டுப் போன்னு சொல்லுதாவ. அவியளுக்குக் காது கேக்கல சாமி. எனக்கு நாலு வருசமாத் தெரியும். வெளிய சொன்னா பொழப்புப் போயிரும்னு நானும் மூச்சு விடல. மருந்து வாங்கிட்டு வாங்கன்னா உளுந்து வாங்கிட்டு வாராவ. நானும் வடை சுட்டுப் போடுதேன். அவிய கேக்கலன்னாலும் நீராவது கேளும். எனக்கு ஒண்ணு ஆயிட்டா, அவியளுக்கு யாரு கேட்டுச் சொல்லுவா?"

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். மறைத்து என்ன புண்ணியம்? பாவி, குட்டை உடைத்துவிட்டாள். காது கேட்காது என்கிற விஷயத்தை என் குழாயே நாலு திசைக்கும் ஊதிவிட்டது. வால்யூம் கூட்டியது நான். தொழில் போயிற்று, நாளைக்கு எவன் கூப்பிடுவான்? அந்த ஏழு வடையும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. மருந்து கேட்டிருக்கிறாள். வலியோடு நின்று வடை சுட்டிருக்கிறாள். எடுத்து வைக்க வைக்க நான் தின்றிருக்கிறேன். எந்திரிப்பனோ மாட்டனோ என்று என்னிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறாள். அழுகை வந்துவிட்டது. ஊருக்கு முன்னால், மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நடுவில் ஆள் எதற்கு என்று வாய் கிழியப் பேசியவன் நான். ஊர் உலகம் என்னிடம் பேசியதையெல்லாம் நாலு வருஷமாக நடுவில் நின்று கேட்டுச் சொன்னவள் அவள்.

எழுந்து மெயினைச் செருகினேன். "வேண்டாம் மாப்ள" என்று உபதேசியார் கையைப் பிடித்தார். உதறிவிட்டுக் கோயிலுக்குள் போனேன். அவள் இன்னும் முழங்காலில்தான் இருந்தாள். சுரூபத்தின் காலடியிலிருந்து மைக்கை எடுத்தேன். அது என்ன ஏதென்று அவளுக்குப் புரிவதற்குள் வாயில் வைத்துவிட்டேன். பழக்கதோஷம், முதலில் வந்தது வேறு.

"ஹலோ. மைக் டெஸ்டிங். ஒண்ணு, ரெண்டு, மூணு."

அப்புறம் சொன்னேன். "கோடி அற்புதரே, உமக்குக் கேக்குமோ கேக்காதோ, அது எனக்குத் தெரியாது. இந்த ஊருக்குக் கேக்கும். எனக்குக் காது கேக்கல. நெசம். இவ சொன்னது ஒண்ணும் எனக்குக் கேக்கல. ஊர்க்காரவியளும் கேட்டுக்கோங்க. செவ்வாக்கெழம திருநாளுக்கு எஞ் செட்டு கெடையாது. வேற ஆளப் பாத்துக்கோங்க. நான் எம் பொண்டாட்டிகூட ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

அவள் எழுந்து என் கையைப் பிடித்தாள். முகமெல்லாம் சிவந்து, கண் நிறைந்து, ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. "அதான" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன்.

"என்ன?" என்றேன்.

மறுபடி சொன்னாள்.

"என்னட்டி? கேக்கல. இன்னொரு தரம் சொல்லு."

என் காதைப் பிடித்து இழுத்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "மொதல்ல அந்த மைக்க அமத்துங்கன்னு சொன்னேன்!"

மைக் என் கையில்தான் இருந்தது. நாலு குழாயும் அதையும் ஊருக்குச் சொல்லிவிட்டன. வெளியே மினி பஸ்காரர் ஹாரனை அடித்தாராம். ஆடுகள் மறுபடி ஓடினவாம்.

எழுதிக் காட்டியிருக்கலாமே என்று அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். தோளைத் தட்டி வண்டியை நிறுத்தவைத்து, என் காதில் வாயை வைத்துக் கத்தினாள். "எழுதிக் காட்டுனா ஒங்களுக்குக் காது கேக்கலன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்லா?" நான் வண்டியைக் கிளப்பினேன்.

செவ்வாய்க்கிழமை அவள் ஊரில் மைக் இல்லாமலே மன்றாட்டுமாலை சொன்னார்களாம். தொண்டை கட்டிப்போகிற அளவுக்கு உபதேசியார் கத்தினாராம். வழக்கமாகப் பாதியில் நழுவுகிற டீக்கடைக்காரர்கூடக் கடையை அடைத்துவிட்டு வந்து, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கடைசி வரை சொன்னாராம். அவளுக்காகத்தான். கோடி அற்புதருக்கு அவள் ஜெபம் தானாகக் கேட்டதா, குழாயால் கேட்டதா என்ற வழக்கு அந்த டீக்கடையில் இன்னும் தீரவில்லை. குழாய்க்காரனையே கேட்போம் என்று என்னைக் கேட்டார்கள். இனிமேல் அந்த விஷயத்தில் எனக்கு வாய் கிடையாது.

அன்றைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரியில், தியேட்டரிலிருந்து அவளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அரை மணி, ஒரு மணி நேரம் என்று உட்கார்ந்திருந்தேன். கண் திறக்கவில்லை. எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் என்னென்னவோ பேரையெல்லாம் கூப்பிட்டேன். அதில் கோடி அற்புதர் பேரும் இருந்தது, ஒளிப்பானேன்? கடைசியில் உதடு அசைந்தது. குனிந்தேன். ஒன்றும் விழவில்லை.

"என்ன?" என்றேன்.

மறுபடி அசைந்தது.

"என்னட்டி?"

டிரிப்ஸ் மாற்ற வந்த ஆண் நர்ஸ் அவள் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டார். நல்ல வேளை, கட்டைக்குரல். "ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுதாங்க அண்ணாச்சி. மைக்கு, டெஸ்டிங்குன்னு வேற என்னமோ சொல்லுதாங்க. இன்னும் மயக்கம் தெளியல போல."

"தெளிஞ்சிருச்சு தம்பி" என்றேன். அவள் காதில் வாயை வைத்து, அந்த வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி, "கேக்குதுட்டி, கேக்குது" என்று கத்தினேன்.